ஆற்று முகத்துவாரத்தில் வலைஞரும் தூண்டிற்காரரும்

வாய்க்கால் பாசனமுள்ள கிராமங்களில் தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் நடக்கும் வழக்கு நம் குடியானவர்களுக்குப் புதிதன்று. தண்ணீர் ஒன்றே, அதை முதலில் காண்பவர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறார், பின்னால் இருப்பவர் மிச்சத்துக்குக் காத்திருக்கிறார். மீன் விஷயத்திலும் இப்படியொரு வழக்கு உண்டு. ஆனால் அங்கே திசை மாறிவிடுகிறது. கடலிலிருந்து ஆற்றில் ஏறி வரும் மீனுக்கு முகத்துவாரமே தலைமடை. மலைப்பக்கத்து ஆறே கடைமடை. முகத்துவாரத்தில் வலை போடுகிறவர் எடுத்தது போக எஞ்சியதே மேலாற்றில் தூண்டில் போடுகிறவருக்குக் கிடைக்கும். பிரிட்டனின் வடபாகத்தில், முக்கியமாக ஸ்காட்லாந்திலும் அதை அடுத்த இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலும், இவ்விரு சாராருக்கும் நெடுங்காலம் நடந்த வழக்கு இப்போது ஏறக்குறைய முடிந்துவிட்டது. வழக்கு முடிந்த விதமும், முடிந்த பிறகு மீனுக்கு நேர்ந்ததும், நதியையும் கடலையும் நம்பிப் பிழைக்கும் எவரும் அறிந்துகொள்ளத் தக்கவை.

வழக்குக்குக் காரணமான மீன் சால்மன் என்பது. நம் நாட்டில் இதற்கு ஒப்பாகச் சொல்லக்கூடியது உல்லம் மீன். உல்லம் கடலில் வளர்ந்து முட்டையிடுவதற்காகக் காவேரியிலும் கொள்ளிடத்திலும் ஏறி வந்தது. அணைக்கட்டுகள் அதன் வழியை மறித்தன. 1934-ல் மேட்டூர் அணை முடிந்த பின் அதன் வரவு மிகவும் குன்றிவிட்டது. சால்மனோ குளிர்ந்த நீரில் வாழ்வது. மழைக்கும் பனிக்கும் இடைப்பட்ட மாதங்களில், தெளிந்த நீர் ஓடும் மேலாற்றின் கூழாங்கற்களிடையே பெண் மீன் வாலால் குழி பறித்து முட்டையிடும். பொரித்த குஞ்சு ஸ்காட்லாந்து ஆறுகளில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வருஷம் ஆற்றிலேயே வளர்ந்து, ஒரு சாண் நீளம் எட்டுவதற்குள்ளாகவே வெள்ளி நிறங்கொண்டு வசந்த காலத்தில் கடலுக்கு இறங்கும். அங்கிருந்து பாரோ தீவுகளின் பக்கமும் கிரீன்லாந்தின் பக்கமும் சென்று, ஒரு குளிர்காலமோ இரண்டு மூன்று குளிர்காலமோ மேய்ந்து, பல ராத்தல் நிறையுடன் திரும்பும். திரும்புவது தான் பிறந்த ஆற்றுக்கே. அந்த ஆற்று நீரின் வாசனையைக் கொண்டு அது வழி கண்டுபிடிக்கிறது என்பது நன்கு பரிசோதிக்கப்பட்ட விஷயம். ஆற்றில் புகுந்தபின் அது இரை தின்பதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பைக்கொண்டே மாதக்கணக்கில் காத்திருந்து முட்டையிடுகிறது. முட்டையிட்ட பின் மிகப் பெரும்பாலானவை மடிந்துவிடும். சிலவே மீண்டும் கடலை அடையும்.

இந்த மீன் முகத்துவாரத்துக்கு வந்ததும் உடனே ஏறிவிடுவதில்லை. ஆற்றில் புதுவெள்ளம் வரும் வரையில் உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்திலேயே உலவிக்கொண்டிருக்கும். மழை பெய்து ஆறு பெருகினால் ஒரே நாளில் கூட்டமாக ஏறிவிடும். மழை தவறிய வருஷத்தில் வாரக்கணக்கில் அங்கேயே நிற்கும். அப்பொழுது வலைஞருக்கு நல்ல வேட்டை, மேலாற்றில் தூண்டிற்காரருக்கு வெறுங்கை. மழை நிறைந்த வருஷத்தில் இதற்கு நேர்மாறு. ஆகவே ஒரு வருஷத்தின் மழையே ஒருவர் பங்கை எடுத்து மற்றவருக்குக் கொடுத்துவிடுகிறது. ஆனால் குறைந்த பங்கு பெற்றவர் மழையைக் குறைசொல்லுவதில்லை, எதிர்க்கட்சிக்காரரைத்தான் சொல்லுகிறார். நமது கடைமடைகளிலும் இதைக் கண்டிருக்கிறோம்.

வலைகளின் வகை

வழக்கை விளங்கிக்கொள்ள வலைகளின் வேறுபாட்டை அறிதல் அவசியம். தூண்டிற்காரர் எல்லா வலையையும் ஒன்றாக வைத்துப் பேசினது பெரிய தவறு என்பது எமது அபிப்பிராயம்.

ஆற்றுக்குள்ளும் கழிமுகத்திலும் போடப்பட்டது நமது கரைவலையின் தம்பி என்று சொல்லத் தக்கது. ஒருவர் கரையில் கயிற்றைப் பிடித்து நிற்க, ஒரு சிறு படகு அரைவட்டமாகச் சென்று வலையை இறக்கிவிட்டுத் திரும்பும். பிறகு இரு முனைகளையும் சேர்த்து ஆட்கள் கரைக்கு இழுப்பார்கள். இது அந்த ஆற்றுக்கு வந்த மீனையே பிடிக்கும். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையிலுள்ள ஸால்வே கழியில் இன்னும் எளிதான ஒரு முறை உண்டு. நீண்ட மரச்சட்டத்தில் கட்டிய வலையைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் இடுப்பளவு நீரில் வரிசையாக நிற்பார்கள். மீன் வந்து முட்டினால் சட்டத்தைத் தூக்கி மடக்குவார்கள். இது வடதேசக் கடலோடிகளான நார்ஸ் மக்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன் கொண்டுவந்தது என்று சொல்லப்படுகிறது.

கழிமுகத்துக்கு வெளியே கடற்கரையில் போட்டவை நிலைவலைகள். கரையிலிருந்து கடலை நோக்கி ஒரு வலைச்சுவர் செல்லும்; கரையோரமாக வரும் மீன் அதில் தடுக்கப்பட்டு ஆழத்தை நோக்கித் திரும்பும்; சுவரின் முடிவில் உள்ள அறை போன்ற வலைக்குள் புகுந்து வெளிவர வழியறியாது நிற்கும். 1862, 1868-ம் வருஷத்துச் சட்டங்களின்படி ஸ்காட்லாந்தில் ஒவ்வோர் ஆற்றுக்கும் கழிமுக எல்லை வகுத்து, அவ்வெல்லைக்குள் நிலைவலை கூடாதென்று விலக்கினார்கள். கடைசியாக, படகிலிருந்து கடலில் மிதக்கவிடும் வலை. மீன் தலையை நுழைத்துச் செவுளில் மாட்டிக்கொள்ளும். பருத்தி, சணல் நூல்களால் கட்டியபோது இது பகல் வெளிச்சத்தில் மீனின் கண்ணுக்குத் தெரிந்தது. 1960-க்குப் பின் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய நைலான் இழை வந்ததும் இதன் வேகம் பன்மடங்கு பெருகிற்று.

ஸ்காட்லாந்துக் கரையில் மிதக்கும் வலையை 1962-ல் விலக்கிவிட்டார்கள். எல்லைக்குத் தெற்கே இங்கிலாந்தின் நார்தம்பர்லாண்டு, யார்க்ஷைர் கரைகளில் அது லைசென்ஸ் பெற்று நடந்துவந்தது. அடையாளத் தகடு கட்டி விடப்பட்ட மீன்களைக்கொண்டு ஆராய்ந்தபோது, அங்கே பிடிபட்டவற்றில் பெரும்பகுதி ட்வீடு, டே முதலிய வடக்கத்தி ஆறுகளுக்குப் போய்க்கொண்டிருந்தவை என்று தெரிந்தது. ஓர் ஆற்றில் மீன் மிகுதியாக இருக்கலாம். அடுத்த ஆற்றில் முட்டையிடுவதற்கே போதாமலிருக்கலாம். கடலில் கலந்து செல்லும்போது இவ்விரண்டையும் வலை பிரித்தறிய மாட்டாது. வலைக்கு எதிராகச் சொல்லப்பட்டவற்றில் மறுக்க முடியாத வாதம் இது ஒன்றே. ஆனால் இது கடல்வலைக்கே பொருந்தும். அவரவர் ஆற்று முகத்தில் நின்று கணக்காகப் பிடிக்கும் கரைவலைக்குப் பொருந்தாது.

இரு கட்சியின் வாதங்கள்

தூண்டிற்காரர் என்றால் குளத்தங்கரையில் மூங்கில் கோலுடன் அமர்ந்திருக்கும் ஆளை எண்ணக்கூடாது. ஸ்காட்லாந்தில் சால்மன் பிடிக்கும் உரிமை நிலத்தைப் போன்ற ஒரு சொத்து. அதை விற்கலாம், குத்தகைக்கு விடலாம், பிதிரார்ஜிதமாகப் பெறலாம். ஆற்றின் ஒரு துண்டில் தூண்டில் போட வருகிறவர் நல்ல பருவத்தில், பேர்பெற்ற இடமானால், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான பவுன் கட்டணம் செலுத்துவார். அவருக்குத் துணையாக ஆற்றை அறிந்த உள்ளூர் ஆள் ஒருவர் சம்பளத்துக்கு இருப்பார். விடுதி, வண்டி, கடை ஆகிய எல்லாவற்றுக்கும் இதனால் வருமானம். ஆகையால் தூண்டிற்காரர் சொன்னது இது: வலையில் பிடிபட்ட மீன் இறைச்சி விலை பெறும், அதே மீன் தூண்டிலில் பிடிபட்டால் ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் பிழைக்கும், அதைப் பிடித்தபின் உயிருடன் விட்டும் விடலாம்.

வலைஞரின் பதிலும் இலேசானதல்ல. நாங்கள் உணவுக்காகப் பிடிக்கிறோம், அவர்கள் விளையாட்டுக்காகப் பிடிக்கிறார்கள். நாங்கள் பிடிப்பது கடலிலிருந்து புதிதாக வந்த மீன். அவர்கள் பருவ முடிவில் பிடிப்பதோ சினை நிறைந்து முட்டையிடத் தயாரான மீன். வாரத்தில் பல மணி நேரம் எங்கள் வலை ஓய்ந்திருக்கவேண்டுமென்று சட்டம் இருக்கிறது என்றார்கள். அது உண்மையே. அணைகளிலும் வலைகளிலும் வாரக்கடைசியில் மீனுக்கு வழி திறந்துவிட வேண்டுமென்பது ஸ்காட்லாந்தில் மத்திய காலத்திலிருந்தே வந்த விதி. 1988-ல் அதை வெள்ளிக்கிழமை மாலை 6 மணி முதல் திங்கட்கிழமை காலை 6 மணி வரை, அதாவது 60 மணி நேரமாக நீட்டினார்கள். தூண்டிலுக்கோ ஞாயிற்றுக்கிழமை மட்டுமே விடுமுறை. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலிருந்த வலைஞரின் நிலைமை வேறொரு விதமானது. அவர்கள் நண்டும் சிங்கிறாலும் பிடிக்கும் சிறு படகுக்காரர்கள். கோடையில் வரும் சால்மன் வருமானந்தான் படகுச் செலவை ஈடுகட்டியது.

1962-ல் ஹண்டர் பிரபுவின் தலைமையில் சர்க்கார் ஒரு கமிட்டி நியமித்தது. 1965-ல் அக்கமிட்டி வெளியிட்ட முடிவான அறிக்கையில் துணிவான யோசனை ஒன்று இருந்தது. கடற்கரை வலைகளை எல்லாம் எடுத்துவிட்டு, ஒவ்வோர் ஆற்றிலும் ஒரே இடத்தில் ஒரு பொறியமைத்து, வரும் மீனை எண்ணிக்கொண்டு, முட்டைக்கு வேண்டியதை மேலே விட்டு, மிகுந்ததை மட்டும் வியாபாரத்துக்குப் பிடிக்கலாம் என்பது அது. வாய்க்கால் தலைப்பில் மதகு வைத்து அளந்து விடுவது போன்ற ஏற்பாடு. நமது பழவேற்காட்டு ஏரியில், நல்ல மீன்பாடுள்ள இடங்களை மீனவர் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்ற வழக்கம் உண்டு. அதைக் கண்டவர்களுக்கு அளந்து பங்கிடுதல் என்பது அதிசயமாகத் தோன்றாது. ஆனால் ஸ்காட்லாந்தில் உரிமை என்பது பல நூறு பேருடைய தனிச்சொத்தாக இருந்தபடியால் கமிட்டியின் யோசனை நடைமுறைக்கு வரவில்லை. வந்திருக்குமானால் வலைத்தொழிலுக்கும் ஒரு சிறு இடம் நின்றிருக்கலாம் என்று நினைக்க ஏதுவிருக்கிறது.

வழக்கைத் தீர்த்தது பணம்

சட்டத்துக்கு முன்பாகவே வலைத்தொழிலை நலியச் செய்த ஒரு காரியம் நடந்தது. 1980-க்குப் பின் கூண்டுகளில் சால்மன் வளர்க்கும் பண்ணைகள் நார்வேயிலும் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலும் பெருகின. ஆடம்பர உணவாக இருந்த மீன் எந்தக் கடையிலும் எந்த நாளிலும் மலிவாகக் கிடைத்தது. கடல்மீனின் விலையும் அதனுடன் இறங்கிற்று. பல இடங்களில் ஆட்கூலிக்கே வருமானம் போதாமல் வலைகள் தாமாகவே நின்றன. மேலாற்று உரிமைக்காரர்கள் இந்தச் சமயத்தை உபயோகித்துக்கொண்டு பணம் திரட்டி முகத்துவாரத்து வலையுரிமைகளை விலைக்கு வாங்கி மூடத் தொடங்கினார்கள்.

இந்த வழியைப் பெரிய அளவில் நடத்தியவர் ஐஸ்லாந்து தேசத்து வியாபாரியான ஆர்ரி விக்ஃபூசன். வலைஞரைத் திருடரென்று ஏசுவதில் பயனில்லை, அவர்கள் உரிமைக்கு நியாயமான விலை கொடுக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. 1989-ல் வட அட்லாண்டிக் சால்மன் நிதியை ஏற்படுத்தி, 1991-ல் பாரோ தீவு மீனவருடனும் 1993-ல் கிரீன்லாந்து மீனவருடனும் ஒப்பந்தம் செய்தார். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் 1992 முதலே புது லைசென்ஸ் கொடுப்பதை சர்க்கார் நிறுத்தியிருந்தது. 2003-ல் எஞ்சியிருந்த 68 மிதவலைக்காரரில் 52 பேர் மொத்தம் 33 லட்சம் பவுனுக்கு மேற்பட்ட தொகை பெற்று விலகினார்கள். அத்தொகையில் ஒரு பகுதியை சர்க்காரும் பெரும்பகுதியைத் தனியாரும் கொடுத்தனர். மீதமிருந்த 16 பேரின் மிதவலையும் 2018-ம் வருஷப் பருவத்துடன் முடிந்தது. அயர்லாந்தில் 2007 முதல் மிதவலையை முழுவதும் தடுத்து, 3 கோடி யூரோ அளவில் உதவித் திட்டம் ஒன்றை வகுத்தார்கள். ஸ்காட்லாந்தில் 2016-ல் கடலோரத்தில் சால்மனைப் பிடித்து வைத்துக்கொள்வது விலக்கப்பட்டது. அத்துடன் ஆறுகளை நிலைமைக்கேற்ப மூன்று தரமாக வகுத்து, கடைசித் தரத்து ஆறுகளில் தூண்டிலில் பிடித்ததையும் உயிருடன் விட்டுவிட வேண்டுமென்று விதித்தார்கள்.

விலை கொடுத்து உரிமையை வாங்கியது பலாத்காரமாகப் பறிப்பதினும் மேலான வழி என்பதில் சந்தேகமில்லை. எனினும் பணம் கொடுத்தது உரிமையின் பத்திரத்தை வைத்திருந்தவருக்கே. கூலிக்கு வலை இழுத்தவனுக்கும், வலை கட்டி வாழ்ந்தவனுக்கும், பனிக்கட்டி வைத்து மீனை ஏற்றுமதி செய்தவனுக்கும் அது பெரும்பாலும் எட்டவில்லை. ஒவ்வொரு வருஷமும் எந்த அமாவாசைக்கு எந்தக் காற்றில் மீன் வரும் என்று அறிந்த தலைமுறை அறிவும் அத்துடன் போயிற்று. அதற்கு யாரும் விலை பேசவில்லை.

வலை போன பின்பு மீன் பெருகிற்றா?

சிறிது காலம் பெருகியதாகவே தோன்றிற்று. ஸ்காட்லாந்தில் தூண்டிற்கணக்கு 1952 முதல் எழுதப்பட்டு வருகிறது. அதில் 2010-ம் வருஷக் கணக்கே மிக உயர்ந்தது. பிடித்துக் கொன்றவையும் பிடித்து விட்டவையும் சேர்ந்து ஒரு லட்சத்துக்கு மேல். தூண்டிற்காரர் தம் கட்சி மெய்யாயிற்று என்று மகிழ்ந்தார்கள். அதற்குப் பின் கணக்கு இறங்கத் தொடங்கி, 2023-ல் சுமார் 33,000 ஆயிற்று. 1952 முதல் எழுதிய கணக்கில் இதுவே மிகக் குறைந்தது. மறு வருஷம் சற்று ஏறிற்று என்றாலும் பழைய நிலைமை திரும்பவில்லை. 2023 டிசம்பரில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் பிரிட்டன் சால்மனை அழியும் அபாயத்திலுள்ள ஜீவராசிகளில் சேர்த்தது. கடற்கரையில் வலையே இல்லாத காலத்தில் இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

காரணம் இரு கட்சியாரும் நின்று சண்டையிட்ட இடத்தில் இல்லை. கணக்கு வைக்கப்பட்ட ஆறுகளில், கடலுக்குப் போன குஞ்சு நூற்றில் முன்னாளில் இருபதுக்கு மேலும் திரும்பியதுண்டு. இப்போது ஐந்து திரும்புவதே அரிது. கடல் வெப்பமாகி வருகிறது. சால்மன் தின்னும் சிறு பிராணிகளின் இடமும் காலமும் மாறுகின்றன. மேற்குக் கரையில் வளர்ப்புக் கூண்டுகளிலிருந்து பரவும் மீன்பேன் கடலுக்குப் புதிதாக இறங்கும் குஞ்சுகளைப் பற்றிக்கொள்கிறது. ஆற்றிலும் கேடுகள் பல: பயனற்றுக் கிடக்கும் பழைய அணைகள் வழியை மறிக்கின்றன, கரையில் மரம் வெட்டப்பட்ட ஓடைகளின் நீர் கோடையில் சூடேறுகிறது, வயல்களிலிருந்து கரைந்து வரும் வண்டல் கூழாங்கற்களின் இடுக்கை அடைத்து முட்டைகளை மூச்சுமுட்டச் செய்கிறது. கடைசியிற் சொன்னது குடியானவர் சம்பந்தப்பட்டது. ஆற்றங்கரை வரை உழுது, கரையில் புல்லும் புதரும் விடாத நிலங்களிலிருந்தே இவ்வண்டல் மிகுதியாக வருகிறது.

இதற்காக வலையை நிறுத்தியது வீண் என்று சொல்ல இயலாது. திரும்புவது நூற்றுக்கு ஐந்தாகக் குறைந்தபோது அந்த ஐந்தும் ஆற்றை அடைவது முன்னைவிட அவசியமாகிறது. இருபது திரும்பிய காலத்தில் ஐந்தைப் பிடித்தால் குற்றமில்லை. ஐந்தே திரும்பும் காலத்தில் இரண்டைப் பிடித்தாலும் கேடு. ஆனால் இதே கணக்கு தூண்டிலுக்கும் பொருந்தும். இப்போது ஸ்காட்லாந்தில் தூண்டிலில் பிடிபடும் சால்மனில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் உயிருடன் விடப்படுகின்றன. குளிர்ந்த நீரில், மீனை வெளியே எடுக்காமலே முள்ளைக் கழற்றிவிட்டால் அது பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். நீரின் வெப்பம் 20 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்டால், போராடிக் களைத்த மீன் விட்டபின் மடிவது அதிகமாகிறது. அந்நாட்களில் தூண்டில் போடுவதைத் தாமாகவே நிறுத்தும் வழக்கம் சில ஆறுகளில் ஏற்பட்டிருக்கிறது.

டீ என்னும் ஆற்றின் மேற்பகுதியில் நிழலுக்காக ஓடைக்கரைகளில் மரம் நட்டு வருகிறார்கள். கன்றுகளை மான் தின்னாமலிருக்க வேலியும் கட்டவேண்டியிருக்கிறது. அவை நீரின்மேல் நிழல் விழும் அளவுக்கு வளரப் பல வருஷமாகும். ஸால்வே கழியில் சட்டவலைக்காரர் தொகை மிகச் சுருங்கிவிட்டது. 2016-ம் வருஷத்து விதி அவர்களையும் கட்டுப்படுத்திற்று. முகத்துவாரத்தில் முன்போலவே இடுப்பளவு நீரில் நின்றாலும், வலையில் முட்டிய சால்மனைத் தூக்கிப் பார்த்துவிட்டு நீரிலேயே விட்டுவிட வேண்டியதாயிற்று.